கட்டியக்காரன் சொல்லாமல் விட்ட பேர்

தாமல் கிராமத்தில் கூத்து நடத்த மூன்று தரப்புகள் கை கோத்தன. பாதிச் செலவு அரசின் கலைத் திட்டம், மீதி தண்ணீர் வடிகட்டி செய்யும் ஒரு கம்பெனி, இடமும் சோறும் ஊர்க்காரர்கள். மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தவன் மாணிக்கவேல். கம்பெனியில் மேனேஜர், பிறந்தது அதே தாமல். கூட்டு என்னவோ அமைந்துவிட்டது, அவன் பயம்தான் போகவில்லை.

பயமெல்லாம் கட்டியக்காரனை நினைத்து. கோமாளியாக வந்து, கதைக்கு நடுவே ஊர்ப் பெரிய மனிதர்களின் காலை வாருவது கட்டியக்காரன் வேலை. முதலாளி வேறு முன்வரிசையில் உட்காரப் போகிறார். அவர் முகம் சுளித்தால் மாணிக்கவேலின் பிழைப்புக்கே உலை. ஆகவே கூத்துக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தான்: கம்பெனியையும் அதன் ஆபீசர்களையும் கேலி செய்யக் கூடாது. கட்டியக்காரன் அப்பாதுரை, "சரிபா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் கூத்து தொடங்கியது. அப்பாதுரை குல்லாவை ஆட்டிக்கொண்டு வந்தார். பஞ்சாயத்துத் தலைவரின் புதுப் பல்செட்டைக் கிண்டலடித்தார். கலைத் திட்ட அதிகாரியையும் விடவில்லை.

"சாரு ஒரு கையெழுத்து போடறதுக்குள்ள பாண்டவங்க வனவாசமே முடிச்சுக்கினு வந்துட்டாங்க!"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். கேலிக்கு ஆளானவர்கள் முகத்திலெல்லாம் பெருமை வழிந்தது. அந்த ஊரில் கட்டியக்காரன் வாயில் விழாதவனை யாரும் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

மாணிக்கவேலின் பேர் மட்டும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா செல்லியம்மாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"எல்லாரையும் சொல்லிக்கினு வராரு, உன்னை மட்டும் ஏண்டா வுட்டுட்டாரு? நம்மள ஊர்ல தள்ளி வெச்சுட்டாங்களா?"

அவனுக்குச் சுருக்கென்றது. எழுந்து முதலாளியைத் தாண்டிப் போய், திரைக்குப் பின்னால் அப்பாதுரையைப் பிடித்தான்.

"அண்ணே, என்னையும் சொல்லுங்க."

"எப்படிபா? ஆபீசரைச் சொல்லக் கூடாதுன்னு நீதான எழுதின?"

"ஆபீசரை வுடுங்கண்ணே. செல்லியம்மா மவனைச் சொல்லுங்க. வேலை போனா போவுது."

அப்பாதுரை திரையை விலக்கினார்.

"நம்ம ஏரியில எறங்க பயந்துக்கினு, கரையிலயே நின்னு சொம்புல மொண்டு குளிச்சான் ஒருத்தன். இன்னிக்கு அவன் ஊருக்கே தண்ணி சுத்தம் பண்றானாம்!"

ஊரே சிரித்தது. முதலாளியும் சிரித்தாரா என்று மாணிக்கவேல் பார்க்கவில்லை. அவன் அம்மாவைத்தான் பார்த்தான். செல்லியம்மாள் பக்கத்திலிருந்தவளின் தோளை இடித்து, "என் புள்ளையத்தான் சொல்றாரு" என்றாள்.