அண்ணன் சட்டைப்பையில் இருந்த ஜெட்

ஒரு வெயில்காலக் காலையில், மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தும் கார்புரேட்டர்காரியின் கொழுந்தனைச் சுற்றி, கை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு, காற்று மலையுச்சிக் காற்றாக மாறியது. உச்சிவெயிலில் நின்று அவன் நடுங்கினான். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. அவன் பக்கத்தில் இருந்த அடுப்பில் தண்ணீர் சட்டென்று கொதித்தது, பருப்பு மட்டும் வேகவே இல்லை. டீக்கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனைத் தள்ளி உட்காரச் சொன்னார். தெரு அதற்கு மேல் அதைப் பேசவில்லை.

கார்புரேட்டர்காரிக்குக் காரணம் தெரியும். அவள் புருஷன் மலைக்கு அப்பால் இருந்த ஊர்களுக்கு மோட்டார் சைக்கிளில் மருந்து கொண்டுபோனவன். உச்சியில் காற்று மெலிவு. அங்கே பெட்ரோலையும் குறைத்துவிட வேண்டும். அதற்குக் கார்புரேட்டருக்குள் சின்ன ஜெட்: நகத்தளவு பித்தளைத் திருகு, நடுவில் பெட்ரோல் போகும் ஊசித்துளை. கழற்றிய பெரிய ஜெட்டைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்வது மலை ஓட்டிகளின் வழக்கம். இறங்கியதும் மறுபடி மாற்றாமல் சமவெளியில் விரட்டினால், என்ஜின் பெட்ரோலுக்கு ஏங்கிச் சூடேறி இறுகும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அவன் செத்த அன்று கூடவே வந்த தம்பி அடிவாரத்தில், “நீ போய் முகம் கழுவுண்ணா, நான் மாத்தி வெக்கிறேன்” என்று ஜெட்டை வாங்கிக்கொண்டான். பிணம் வீட்டுக்கு வந்தபோது சட்டைப்பை காலி. அவள் கார்புரேட்டரைத் திறந்தாள். உள்ளே சின்ன ஜெட் இருந்தது.

சாவில் எல்லோரையும்விட உரக்க அழுதவன் தம்பிதான். ஈரம் காய்வதற்குள், “ஒத்தப் பொம்பளையா பட்டறைய எப்படி அண்ணி நடத்துவீங்க? என் பேருக்கு எழுதிடுங்க” என்றான். “யோசிக்கிறேன் தம்பி” என்றாள். புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள். வருஷங்கள் போயின. அவள் ஜெட் போட்டால் தப்பாது என்று ஊரே சொன்னது.

பிறகு கொழுந்தன் தன் வண்டிக்குத் திறந்த சைலன்ஸர் மாட்டினான், காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தான். காற்று கூடி, பெட்ரோல் போதாமல் வண்டி திக்கியது. எந்த மெக்கானிக்குக்கும் அடங்கவில்லை. “அண்ணி, உங்க கை பட்டாத்தான் இது வழிக்கு வரும்.” அவள் செத்தவனின் சின்ன ஜெட்டை அதில் முடுக்கினாள். அந்த ஜெட் உச்சியில்தான் சரி. அவள் போட்டது தப்பாகக் கூடாது. ஆகவே காற்று இறங்கி வர வேண்டியதாயிற்று. திறந்த சைலன்ஸருக்கு அந்தப் பெட்ரோல் இன்னும் போதாது என்பதால், அவனுக்கு வாய்த்தது மனிதர் ஏறாத உயரத்தின் காற்று.

வேறொரு மெக்கானிக் ஜெட்டை மாற்றிப் பார்த்தான். வண்டி கரும்புகை கக்கியது, காற்று மாறவில்லை. கொழுந்தன் வண்டியையே விற்றான். அப்போதும் காற்று அவனைவிட்டுப் போகவில்லை. கடைசியில் உதடு நீலம்பாரித்து அண்ணியின் முன் வந்து நின்றான்.

“மூச்சு முட்டுது அண்ணி.”

“உங்க அண்ணன் பையில இருந்தது எங்க?”

“எது?”

“சரி, கெளம்பு.”

மறுநாள் பட்டறை நிறைய ஆட்கள் இருக்கும்போது வந்து, பெரிய ஜெட்டை மேஜையில் வைத்தான். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பார்த்தாள்.

“மாட்டுங்க அண்ணி. கால்ல வேணா விழறேன்.”

“இது அவரு வண்டிக்கு அளந்தது. உனக்குச் சேராது.”

ஜெட்டைத் தான் போட்டிருந்த சட்டையின் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். ஒரு முக்காலியை இழுத்து, “பட்டறைதான கேட்ட? உக்காரு” என்றாள்.

அவன் இன்றும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். மலைக்குப் போகிறவர்கள் வண்டியை அவன் பக்கத்தில் நிறுத்தி ஜெட் பார்த்துக்கொள்கிறார்கள். அவனை நெருங்க நெருங்கக் காற்று மெலியும் என்பதால், போகிற உயரம் கூடக் கூட முக்காலியை வண்டிக்கு நெருக்கிப் போட வேண்டும். அவனுக்கு மலை என்றே பேராகிவிட்டது. “அக்கா, நான் பாதி வழிதான் போறேன், மலைய ஒரு சாண் தள்ளிப் போடுங்க” என்பார்கள். அவள் காலால் தள்ளிவிடுவாள்.