நோராவுக்கு ஓர் இலை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பக்கத்து வீட்டிலிருந்து மதில் தாண்டி வந்தது. வந்ததை வந்தபடி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இதில் நான் செய்த ஒரு காரியமும் கலந்திருக்கிறது. அது அந்த வீட்டு அக்காவுக்குத் தெரியாது. என் கதைகளை முதலில் கேட்பவரும் அவர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "படிங்க டீச்சர்" என்பார். நான் வாசிப்பேன். இந்த வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் இருப்பது இந்தக் கதை மட்டும்தான்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

("அயர்லாந்தில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்—" நான் அயர்லாந்தைப் பார்த்ததில்லை. அடித்துவிட்டேன்.)

("மரணம் என்பது—" முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் கட்டுரை திருத்தியவள் நான். இப்படித் தொடங்கிய பிள்ளைகளை என்ன பாடு படுத்தியிருக்கிறேன்!)

("வாசுகி உருளைக்கிழங்கு வாங்கப் போனார்." இது பரவாயில்லை. இருக்கட்டும்.)

2

வாசுகி உருளைக்கிழங்கு வாங்கப் போனார். சுங்கைப் பட்டாணி காய்கறிப் பாசாரில் ஒவ்வொரு கிழங்காக அமுக்கிப் பார்த்து இரண்டு கிலோ பொறுக்கினார். நான் கூடை பிடித்தேன்.

பெயரை மாற்றலாமென்று பார்த்தேன். இரண்டாம் வரைவில் அவர் மருதம்மாள், வீடு அலோர் ஸ்டார் மெர்கோங்கில், சமைத்தது மரவள்ளிக்கிழங்கு. பயனில்லை. வாழையிலையில் அயர்லாந்துக் கிழங்கு மசியலைப் படைத்தவர் மலேசியாவில் இந்தக் கெடா மாநிலத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே உள்ளபடியே சொல்கிறேன். வாசுகிக்கா பாடாங் மேஹா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கணவர் போன பிறகு டவுனுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே மகன் முகுந்தன் உபகாரச் சம்பளத்தில் மருத்துவம் படிக்க அயர்லாந்து போனான். ஆறு வருடம் நோரா என்ற அம்மாளின் வீட்டு மாடி அறையில் தங்கினான். முதல் குளிர்காலத்திலேயே காய்ச்சலில் விழுந்தான். ஒன்பது நாள் நோராதான் படியேறி வந்து ஊட்டினார். மசித்த உருளைக்கிழங்கு, அதற்குள் முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும், நடுவில் குழி பறித்து உருக்கிய வெண்ணெய். அந்த ஊரில் அதற்குக் கோல்கேனன் என்று பெயர்.*

வாரம் ஒரு முறை மகன் வீடியோவில் பேசும்போது நோரா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கையாட்டுவார். உடனே வாசுகிக்கா, "அடுப்புல என்னமோ தீயுதுடா" என்று ஓடிவிடுவார். அடுப்பு எரிந்தே இருக்காது. ஆங்கிலம் வராத வெட்கம். அடுத்த வாரம் ஒரு 'தேங்க் யூ' சொல்லிவிடலாம், அதற்கடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றே ஆறு வருடம் ஓடிப்போயிற்று. மகன் படிப்பை முடித்துத் திரும்பி, அலோர் ஸ்டாரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான். போன மாதம் நோரா இறந்துபோனதாகச் செய்தி வந்தது.

"என் புள்ளைய எழுப்பி உட்கார வச்ச கை டீச்சர் அது. ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேனே" என்று என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். இந்த அழுகையைக் குறைத்து எழுத மூன்று தடவை முயன்றேன். குறையவில்லை. அவ்வளவு அழுதார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினாறாம் நாளு இலை போடுறேன். அவங்களுக்குப் புடிச்சதத்தான வைக்கணும்?" என்றார்.

(* வாசுகிக்கா கடைசிவரை அதை 'நோரா கிழங்கு' என்றுதான் சொன்னார். எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.)

3

எழுதும்போது நோராமீது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு நல்லவரைக் கதையில் யார் நம்புவார்கள்? முகுந்தனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "என் ஊதுபத்தி வாசம் அவங்களுக்கு ஆகாது டீச்சர். பனியிலகூட ஜன்னலத் தொறந்து போட்ருவாங்க. பயங்கரமா சண்டை போட்ருக்கோம்லா" என்றான். நிம்மதியாக இருந்தது.

சமையலுக்கு வருவோம். செய்முறையைக் கைப்பேசியில் பார்த்துத் தமிழில் சொல்வது என் வேலை. கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சுடச்சுட உரித்து, பருப்பு மத்தால் மசித்தார். முட்டைக்கோஸை அவித்துப் பிழிந்தார். வெங்காயத்தாளைப் பாலில் போட்டுச் சூடாக்கி எல்லாவற்றையும் ஒன்றாகக் கிண்டினார். அதோடு நிற்கவில்லை.

"கடுகு தாளிக்க வேணாமா டீச்சர்?"

"வேணாம்க்கா."

"கறிவேப்பில?"

"அதுல இல்ல."

"மஞ்சளாச்சும் ஒரு சிட்டிக போடுறேனே. நோயாளிக்குப் போட்ட மாதிரி வெள்ளையா இருக்கே!"

"நோயாளிக்குப் போட்டதுதான்க்கா" என்றேன். அதற்குப் பிறகு அவர் அஞ்சறைப் பெட்டியைத் தொடவில்லை.

'உப்பு தேவையான அளவு' என்று நான் வாசித்த நேரத்தில் முகுந்தன் போன் அடித்தான். அலோர் ஸ்டாரிலிருந்து வரும் வழியில் குரூண் தாண்டிவிட்டானாம். பேசி முடித்தவர், நடுவில் கரண்டியால் குழி பறித்து வெண்ணெயை ஊற்றினார். "ரசத்துக்குக் குழி பறிக்கிற மாதிரியே இருக்குலா" என்று அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

எங்கள் வீடுகளில் படையலுக்கு ஆக்கியதை யாரும் வாய்வைத்துப் பார்க்கமாட்டோம். இலையில் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் உயிரோடிருப்பவர்களுக்கு. வாசுகிக்கா சட்டியை மோந்து பார்த்துவிட்டு முழித்தார். "சாம்பார்னா வாசத்துலயே சொல்லிருவேன். இதுக்கு வாசமே இல்லையே டீச்சர். சரியா வந்துச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

அவர் வாழ்நாளில் அந்தப் பண்டத்தை ஒரு வாய்கூடத் தின்றதில்லை. நானும்தான்.

4

(வெள்ளிக்கிழமை இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாமென்று இருக்கிறேன்.)

அவர் தலை முழுகப் போனார். நானும் சட்டியும் மட்டும் அடுப்படியில் இருந்தோம். உப்பு ஜாடி மேல்தட்டில் மூடியபடி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வெண்ணெயும் உப்பில்லாதது, அவசரத்தில் பார்க்காமல் வாங்கி வந்தவள் நான்.

குளியலறைக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எவ்வளவு போடுவதென்று அவர் தவித்துப்போவார். நான் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து—

(இந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை. முடிக்கிறேன்.)

—வாயில் போட்டேன். சப்பென்றிருந்தது. செத்தவருக்கு இலை போடுவதற்கு முன்னால் நான் தின்றுவிட்டேன். மூன்று சிட்டிகை உப்பைப் போட்டு, கிண்டி, மறுபடியும் ருசி பார்த்து, இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். குழியைப் பழையபடி பறித்து வெண்ணெயைச் சேர்த்து வைத்தேன். கரண்டியையும் கழுவினேன்.

5

முகுந்தன் நோராவின் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். "பொட்டு வைக்கலாமா டீச்சர்? சர்ச்சுக்குப் போறவங்க" என்றார் வாசுகிக்கா. கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். சந்தனம் வைத்தார். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி ஒன்றையும் ஏற்றினார். சாம்பிராணி போட்டபோது முகுந்தன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தான்.

கும்பிட்டு முடித்ததும் இலையிலிருந்து முதல் வாய் அவன்தான் எடுத்தான். வெண்ணெயில் தொட்டு வாயில் வைத்தவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"மா... அதே டேஸ்ட்மா. எப்படிம்மா? உப்புகூட அவங்க போடுற அளவு."

"உப்பா?" வாசுகிக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "ஐயோ, நான் உப்பே போடலயேடா!"

நான் விளக்குத் திரியைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன்.

அவர் ஒரு வாய் எடுத்துத் தின்றார். இன்னொரு வாயும் தின்றார். படத்தையே பார்த்தார். பிறகு எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதைப்போல் சத்தமாகவே சொன்னார்.

"நோரா, தேங்க் யூ. என் பையன பார்த்துக்கிட்டதுக்கு, தேங்க் யூ வெரி மச்லா."

இந்தத் தடவை அவர் அடுப்படிக்கு ஓடவில்லை. அந்த அம்மாளுக்கும், அந்தக் கிழங்குக்கும், குரூணில் போன் அடித்த முகுந்தனுக்கும் மனசுக்குள் நானும் நன்றி சொன்னேன்.

6

முடிவுகள்.

காகம் வந்து கொத்தியது என்று முடிக்கலாம். எல்லாக் கதைகளிலும் அது தவறாமல் வந்துவிடுகிறது. எங்கள் மதில்மேல் வைத்த உருண்டையை எதிர்வீட்டுப் பூனை தின்றது.

நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் சிரித்து மன்னிக்கிறார். இது என் வசதிக்காக நான் எழுதும் முடிவு.

நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் முகம் விழுந்துபோகிறது. நோரா வந்து ருசி பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போனதாகத்தான் அவர் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? நான்கு சிட்டிகை உப்புக்குச் சொந்தம் கொண்டாடத்தான் இந்தக் கதையை எழுதுகிறேனோ என்றும்

7

மேலே உள்ள வாக்கியம் பாதியில் நிற்பதற்குக் காரணம், கேட் திறந்த சத்தம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாசுகிக்கா கையில் ஒரு பாத்திரத்தோடு வந்தார்.

"இன்னிக்கும் நோரா கிழங்கு ஆக்குனேன் டீச்சர். உப்பு மட்டும் போடல. நீங்க போட்ருங்க."

இன்றைக்குப் படையல் இல்லை. தாராளமாக ருசி பார்த்து அவரே போட்டிருக்கலாம். முகத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

இதை அடுப்படியில் நின்றபடி எழுதுகிறேன். "சூடு ஆறுதுலா டீச்சர். தின்னுகிட்டே படிப்போம்" என்று குரல் வருகிறது. நான்காம் பகுதி மட்டும் தனித்தாளில் இருக்கிறது. அதைக் கூடத்துக்குக் கொண்டுபோகவா, இங்கேயே உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகவா? நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள். அதற்குள் நான் உப்பைப் போட்டுக் கிண்டிவிடுகிறேன்.