எட்டாவது வெடி

நிலக்கரிச் சுரங்கத்தில் புதுப் பாதைக்காகப் பாறையைத் தகர்க்கும் வேலை வெடிக்காரருடையது. அன்று காலை எட்டுத் துளைகளில் வெடிமருந்துத் தோட்டா வைத்து, களிமண்ணால் அடைத்து, ஆட்களை வளைவுக்குப் பின்னால் அனுப்பிவிட்டு விசையைத் திருப்பினார். அரை நொடிக்கு ஒன்றாக எட்டுச் சத்தம் வரவேண்டும். ஏழு வரை எண்ணினார். எட்டாவது வந்ததா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"எட்டும் கேட்டுச்சா மாப்ள?" என்றார் மேற்பார்வையாளர். வெடிக்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன் அவர்.

"கேட்டுச்சு மச்சான்."

ஒரு வெடி குறைந்தாலும் அரை மணி நேரம் கிட்டே போகக்கூடாது, பிறகு ஒவ்வொரு கல்லாகப் பார்க்கவேண்டும் என்பது விதி. மச்சான் மாப்பிள்ளையின் வாயை நம்பினார். பதிவேட்டில் மாப்பிள்ளை எட்டு என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்தைப் போட்டார். உடைந்த கல் வண்டிகளில் ஏறி மேலே போயிற்று.

பிற்பகல் வெடிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கூடையும் கையுமாக நின்றாள்.

"கழிவு மேட்டுல புதுக் கல் கொட்டியிருக்காங்களாம். அண்ணன் வீட்டு மதினி அப்பவே போயிட்டாங்க. ரெண்டு கூடை கரி கெடைச்சா ஒரு வாரம் அடுப்புக்குக் கவலையில்ல."

எட்டாவது தோட்டா வெடிக்காமல் அந்தக் கல்லோடு போயிருந்தால்? அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

மேட்டின் சரிவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். கல்லில் ஒட்டியிருந்த கரியைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுத்தியலக் கீழ போடுங்க! வந்த வழியாவே எறங்குங்க!"

"ஏன், மேட்டை எழுதி வாங்கிட்டீங்களா?" என்று ஒருத்தி சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. எல்லாரும் இறங்கினார்கள்.

சேதி எட்டி மச்சான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"ஆபீசுக்குப் போகாத. நாம ரெண்டு பேரும் தேடி எடுத்துருவோம். என் கையெழுத்தும் இருக்கு மாப்ள. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"மச்சான், உங்க வீட்டுக்காரம்மா அங்க சுத்தியலோட உக்காந்திருந்தாங்க."

மச்சான் பிடித்த கையை விட்டார்.

ஆபீசில் இருந்த பாதுகாப்பு அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எத்தனை கேட்டுச்சு?"

"ஏழும்மா. எட்டுன்னு எழுதிட்டேன்."

"ஏன்?"

"எடது காது ரெண்டு வருஷமாக் கேக்கறதில்ல. சந்தேகம்னு சொன்னா காதைச் சோதிப்பாங்க. உரிமம் போயிடும்."

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. பின்னாலேயே வந்து வாசலில் நின்ற அவள் அப்போதுதான் கேட்டாள்.

"அப்ப ரெண்டு வருஷமா நான் சுவத்துக்கிட்டதான் பேசினேனா?" என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி தொலைபேசியை எடுத்தார். கல் வண்டிகள் நின்றன. மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். தண்ணீர் பீய்ச்சி, கையால் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார்கள். இரண்டாம் நாள் தட்டைக் கல் ஒன்றின் அடியில், கம்பி அறுந்து தொங்க, தோட்டா கிடந்தது. மச்சானின் மனைவி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நாலே எட்டு வைக்கிற தூரம்.

விசாரணை நடந்தது. வெடிக்காரரின் உரிமம் போயிற்று. சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு விளக்கறையில் தலைவிளக்குக் கொடுக்கும் வேலை கிடைத்தது. மச்சானைச் சாதாரணத் தொழிலாளியாக இறக்கினார்கள். பரிசோதித்த சீட்டு இல்லாமல் ஒரு வண்டிக் கல்கூட மேலே ஏறக்கூடாதென்று உத்தரவு வந்தது. கழிவு மேட்டுக்கு முள்வேலி போட்டார்கள். கரி பொறுக்க வழியில்லாமல் போன தெருவில், "எங்க அடுப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். வீடுகளுக்குக் கரித்தூள் கொடுக்கும்படி அந்த அதிகாரி எழுதி எழுதி, கம்பெனி இறங்கிவர நாலு மாதமாயிற்று.

மச்சான் தினமும் காலையில் விளக்கு வாங்க வருவார். முகத்தைப் பார்க்கமாட்டார், பேசமாட்டார். கையை நீட்டுவார், வாங்குவார், போய்விடுவார். மனைவி மட்டும் அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தாள். அங்கே என்ன பேச்சு என்று இவர் கேட்டதில்லை.

ஐந்தாவது மாதம் ஒருநாள், வாங்கிய விளக்கோடு மச்சான் திரும்பி வந்தார். அதை மேசைமேல் வைத்தார்.

"பட்டை அறுந்திருக்கு மாப்ள. வேற குடு."

அவர் வேறு விளக்கை எடுத்து, அதன் பட்டையை ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்துக் கொடுத்தார்.