இருநூறாம் நம்பர் பிழை

வாழைக்காய் வியாபாரி ரத்தினவேல் தன் கம்ப்யூட்டர் பெட்டியைக் குண்டலுபேட்டையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். மைசூர் அக்ரஹாரத்தில் நஞ்சுண்டசாமியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் அதை இறக்கிய கையோடு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து மோகனப்ரியாவிடம் நீட்டினார். கேம் பத்திரிகையோடு இலவசமாக வந்த டெமோ சிடி.

"பதினாலு ஆட்டம் இருக்குதும்மா. பதிமூணு ஓடுது. கடைசி ஆட்டம் மட்டும் திறந்ததும் மூடிக்குது. என்னமோ இங்கிலீஷ்ல திட்டிட்டுப் போகுது."

மோகனப்ரியா பாலிடெக்னிக் முடித்ததிலிருந்து, இரண்டு வருஷமாக, அந்தக் கடையில் இருந்தாள். மாதா மாதம் பத்திரிகை வந்தால் நாலு பேராவது இப்படிச் சிடியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒருவருக்குச் சத்தம் வராது, ஒருவருக்குத் திரை முழுக்க நிறம் கலங்கித் தெரியும். அவளுக்கு அது பழகிப்போன வேலை. சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாள். வேறொரு டிரைவில் போட்டுப் பார்த்தாள். ஃபைல்களை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி, விண்டோஸை விட்டு வெளியேறி, கறுப்புத் திரையில் அந்த ஆட்டத்தின் பெயரை அடித்தாள்.

'ரன்டைம் எரர் 200' என்று வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "சிடி மேல தப்பில்ல சார். எழுதினவன் பழைய மிஷின்ல, பாஸ்கல்ங்கிற புரோகிராம் மொழியில எழுதியிருக்கான். ஆரம்பிக்கும்போதே அது உங்க மிஷின் எவ்வளவு வேகம்னு எண்ணிப் பாக்கும். உங்களுது புதுசு. எண்ணிக்கை நிரம்பி வழிஞ்சு அங்கயே விழுந்துடுது."

"வேகமா இருந்தா அது தப்பா?" என்றார் ரத்தினவேல்.

இந்தப் பிழையை அவள் போன வருஷமே பார்த்திருந்தாள், தான் எழுதிய ஆட்டத்தில். கடைக்குப் புது மிஷின் வந்த அன்று அதைப் போட்டுப் பார்த்தபோது இதே வரிதான் வந்தது. ஒரு வாரம் மல்லுக்கட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அதனால் இப்போது அதிக நேரம் ஆகவில்லை. ஆட்டத்துக்குள் நான்கைந்து எண்களை மட்டும் மாற்றுகிற ஒரு சின்ன புரோகிராமை எழுதி ஓட்டிவிட்டு, மறுபடி பெயரை அடித்தாள். இந்தத் தடவை ஆட்டம் திறந்தது.

'எலிஃபன்ட் நைட். உருவாக்கியவர்: ரவிக்குமார், பெங்களூர்.'

அடுத்த திரையில் ஒரு ராகிக் காடு. நடுவில் பரண். பரணில் டார்ச்சோடு ஒருவர். இருட்டிலிருந்து ஒரு யானை வந்தது. அதற்கு இடது தந்தம் குட்டை.

ஹனூரில் அவள் வீட்டு ராகிக் காட்டை மூன்று தடவை மேய்ந்த யானை அது. அந்தக் குட்டைத் தந்தத்தை ஒவ்வொரு புள்ளியாக வைத்து வரைந்தவள் அவள்தான்.

"என்னம்மா, மறுபடி நின்னுடுச்சா?"

"இல்ல சார். ஓடுது."

ரத்தினவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அடேங்கப்பா! டார்ச் அடிச்சா நின்னு யோசிக்குது பாரு. நெசமா அப்படித்தான் நிக்கும். எங்க தோட்டத்துல பாத்திருக்கேன். எழுதினவன் யானையைக் கண்ணால பாத்தவன்மா."

ஆட்டம் முடிந்ததும் அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியல் வந்தது. அய்யாவு, சுந்தராம்பாள், பசம்மா. அவளுடைய அப்பா, அம்மா, பக்கத்துக் காட்டு அத்தை. தலைப்பையும் பேரையும் மாற்றியவன் இதை அப்படியே விட்டிருந்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இவர் நம்புவாரா என்று கூச்சமாக இருந்தது. சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவோமோ என்றும் பயமாக இருந்தது. மிஷினை அணைத்து ஒயர்களைக் கழற்றினாள்.

சிடியில் ரவிக்குமாரின் போன் நம்பர் இருந்தது. மத்தியானம் எஸ்டிடி பூத்துக்குப் போய் அடித்தாள். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷமும் அவள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவன் அவன்.

"ப்ரியாவா! எங்கிருந்து பேசற?"

"உன் கேம் பாத்தேன் ரவி."

"நானே சொல்லணும்னு இருந்தேன்."

"விளையாடிப் பாருன்னு குடுத்தேன். உன் பேர் போட்டுக்கோன்னு குடுக்கல."

"கோபப்படாம கேளு. நீ அதை எங்கயாவது அனுப்பினியா? இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும், இன்னும் கொஞ்சம்னே பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருந்த. நான் அனுப்பலன்னா அது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அது உண்மை என்பதால் இன்னும் சுருக்கென்று தைத்தது. "எங்கப்பன் பேரு இன்னும் அதுல இருக்குது ரவி."

"அந்த ஃபைலைத் திறக்கத் தெரியல" என்றான், சட்டென்று. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டு பேசினான். "அந்த கேமைப் பாத்துத்தான் எனக்கு இங்க வேலையே குடுத்தாங்க. இப்ப எரர் 200ன்னு பத்திரிகைக்குக் கடிதமா வருது. ஆபீஸ்லயும் கேக்கறாங்க. உனக்கு அது தெரியும்ல? அதைச் சரி பண்ண ஒரே ஒரு பேட்ச் எழுதிக் குடு. நன்றின்னு உன் பேரைப் போடறேன்."

"மாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அந்த வாரமே சேதி பரவிவிட்டது. அந்தச் சிடியின் பதினாலாவது ஆட்டம் அக்ரஹாரத்துக் கடையில் ஓடுகிறதாம் என்று நஞ்சன்கூட்டிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் யானையைப் புகழ்ந்தார்கள். பிழையோடு அனுப்பியவனைத் திட்டினார்கள். பிழையும் தன்னுடையதுதானே என்று நினைத்துக்கொண்டு மோகனப்ரியா ஒவ்வொருவருக்கும் சரி செய்து கொடுத்தாள். நஞ்சுண்டசாமிக்குத் தலைகால் புரியவில்லை. அவளுடைய சின்ன புரோகிராமை ஃபிளாப்பிகளில் ஏற்றி, கடை ஸ்டிக்கரை ஒட்டி அடுக்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த இதழ் வந்த அன்று அவர் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"நோடு ப்ரியா, இங்க பாரு! நம்ம கடை பேரு பத்திரிகைல வந்திருக்கு!"

'எலிஃபன்ட் நைட்: ரவிக்குமார் பிழை நீக்கிய புதிய பதிப்பு.' அதன் கீழே சின்ன எழுத்தில் அவர்களுடைய கடைக்கு நன்றி.

"அவனுக்கு யார் குடுத்தது சார்?"

"நான்தான். பெங்களூர்லேர்ந்து போன் பண்ணினார். எவ்வளவு மரியாதையா பேசினார் தெரியுமா? ஃபிளாப்பியைக் கூரியர்ல அனுப்பிட்டேன். ஏன்ம்மா?"

"அந்த கேம் என்னது சார். நான் எழுதினது. அவன் திருடிட்டான்."

நஞ்சுண்டசாமி பத்திரிகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தனை நாள் ஏன் வாயே திறக்கல?"

"இப்ப சொல்றேன்ல. பத்திரிகைக்குப் போன் பண்ணி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பிழையைச் சரி பண்ணினது இங்க வேலை செய்யற பொண்ணுன்னு. அது போதும்."

அவர் போனை எடுத்து நாலு எண் சுழற்றினார். பிறகு கையை எடுத்துவிட்டார். "வேண்டாம்மா. சும்னே எதுக்கு ஜகளா, சண்டை? நாமளே அனுப்பிட்டு நாமளே திருட்டுன்னா யார் நம்புவா? நீ இன்னொண்ணு எழுதேன். உனக்கென்ன, தலையில சரக்கு இருக்கு."

பத்திரிகைக்கு அவளே எழுதினாள். ஆட்டத்துக்குத் தான் எழுதிய புரோகிராம் வரிகளை எல்லாம் அச்செடுத்து, தேதிகளோடு வைத்து அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. படைப்பு தன்னுடையதே என்று திரு. ரவிக்குமார் கையெழுத்திட்டுத் தந்திருப்பதாகவும், நண்பர்களுக்குள் உள்ள பிரச்சினையை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது என்றும் இரண்டே வரி.

அந்தக் கடிதத்தை மடிக்கும்போது ஒருவர் உள்ளே வந்து, புதுச் சிடியில் யானை ஆட்டம் அருமையாக ஓடுகிறது, கடைக்காரருக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன் என்றார். நஞ்சுண்டசாமி எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். சுவரில், பத்திரிகையில் நன்றி வந்த பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. மோகனப்ரியா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா, இப்பவே?"

"நாளையிலேர்ந்து வரல சார்."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வாசல் வரை வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரி ஸ்டோரில் வேலை கிடைத்தது. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் விளையாடக் கூடாது என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்து முணுமுணுத்தார்கள். அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது.