அப்புறம் என்று தள்ளிய பாடம்

இந்த மூன்று வருடத்தில் இருநூறு பேருக்கு மேல் உதவியிருக்கிறேன். வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்: "ஓகே அக்கா, சால்வ்ட், டேங்க்யூ." அதோடு சரி. மறுநாள் அவர்கள் இருக்கிறார்களா போனார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. பல்வலி போன பிறகு பல் டாக்டரை யார் தேடிப் போகிறார்கள்?

என் பெயர் பாட்ரீசியா. வயது நாற்பத்தேழு. பெம்பானில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் தனியாக இருக்கிறேன். ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளுக்குள் ஓடுகிற புரோகிராம்களை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ரஸ்ட் என்ற மொழியில் எழுதுகிறோம். கம்பெனியில் எல்லாமே டைப் அடித்துத்தான், மீட்டிங் உட்பட. அதனால் வாரத்தில் ஐந்து நாள் நான் வாயைத் திறக்கத் தேவையே இல்லை. சனிக்கிழமை பசாரில் மீன்காரரிடம் "செத்தெங்கா கிலோ" என்று மலாயில் அரை கிலோ கேட்கும்போது என் குரல் எனக்கே யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி கேட்கும். தம்பி ரெஜினால்ட் பெர்த்தில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் அனுப்புவான், நானும் ஒரு படம் அனுப்புவேன்.

ரஸ்ட் படிக்கிற நம்மவர்களுக்காக டெலிகிராமில் ஒரு குழு இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எங்காவது மாட்டிக்கொண்டால் அங்கே கேட்பார்கள். என்னைப் போல நாலைந்து பேர் பதில் சொல்வோம். குழுவில் ஒரு விதி உண்டு: விடையைத் தூக்கிக் கொடுக்கக்கூடாது, யோசிக்க ஒரு துப்பு மட்டும் கொடுக்க வேண்டும். நல்ல விதிதான். அதன் பின்னால் நான் போய் ஒளிந்துகொண்டதற்கு அந்த விதி என்ன செய்யும்?

நிர்மலாதேவி போன ஜூலையில் குழுவுக்கு வந்தாள். வயது முப்பத்தொன்பது, அலோர் காஜாவில் வீடு, மஸ்ஜித் தானா பக்கம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வருடக் கடைசியில் தொழிற்சாலையை மூடப் போகிறார்கள். ஆயர் குரோவில் தராசு இயந்திரங்கள் செய்கிற ஒரு கம்பெனி, டிகிரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பரீட்சையில் தேறினால் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்திருந்தது. பரீட்சை ரஸ்ட் மொழியில், அக்டோபரில். அந்த வேலையை விட்டால் சூப்பர் மார்க்கெட் கவுண்டரில் நிற்பதுதான் மிச்சம் என்று முதல் நாளே சொன்னாள். அவளுக்கு டைப் அடிக்க நேரமாகும். "அக்கா, போன்ல பேசலாமா?" என்று கேட்டாள். இருநூறு பேரில் அப்படிக் கேட்டது அவள் ஒருத்திதான்.

தினமும் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள். ஸ்டோரில் பலகை அடுக்குகளுக்கு நடுவே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் வந்திருக்கும் பிழையை நாலு நம்பர் லாட்டரி முடிவு படிப்பது போலப் படிப்பாள். "எரர் ஈ, சைபர், மூணு, எட்டு, ரெண்டு" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பிழை எனக்கு மனப்பாடம். புதிதாக வருகிற எல்லோரும் முதலில் முட்டிக்கொள்கிற சுவர் அது.

விஷயம் இவ்வளவுதான். அந்த மொழியில் ஒரு பட்டியலை ஒரு வேலைக்குக் கொடுத்துவிட்டால் அது கையைவிட்டுப் போய்விட்டது. மறுபடி தொட்டால் பிழை. அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குளோன்: பட்டியலை முழுக்க நகலெடுத்து, நகலைக் கொடுப்பது. இன்னொன்று, பாரோ, அதாவது இரவல்: முன்னால் ஒரு & குறியைப் போட்டால் போதும், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடும். குளோன் வெறும் ஒட்டு. இரவல்தான் அந்த மொழிக்கே உயிர். அது புரிந்துவிட்டால் புதியவர்களுக்கு வருகிற பத்துச் சிக்கலில் எட்டை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். பிறகு என்னைக் கேட்க வேண்டியதில்லை.

முதல் வாரமே அவள் கேட்டாள். "அக்கா, இதுல பாரோன்னு என்னமோ சொல்லுதே, அது என்னா?"

"அது பெரிய பாடம்மா. அப்புறம் பாக்கலாம். இப்போதைக்கு குளோன் போடு" என்றேன்.

அன்றைக்கு அதை நல்ல மனதோடுதான் சொன்னேன். ஆள் புதிது, ஒரேயடியாகக் குழப்ப வேண்டாம் என்று நினைத்தேன். ஆகஸ்டில் மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னேன். செப்டம்பரில் கேட்டபோது அதையே சொன்னது அப்பட்டமான பொய். விதிப்படி துப்புத்தான் கொடுக்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குளோன் போட்ட இடத்தில் மறுநாள் வேறொரு பிழை முளைக்கும். மறுநாளும் ஒரு மணிக்குப் போன் வரும். பிழைக்குப் பத்து நிமிடம் போனால் மீதி நேரம் பேச்சு. சூப்பர்வைசருக்கு இன்றைக்கு மூட் சரியில்லை, ஸ்டோரில் பூனை குட்டி போட்டிருக்கிறது, நேற்று வைத்த சம்பல் உப்புக் கரித்தது என்று என்னவாவது சொல்வாள். நான் என்ன சமைத்தேன் என்று கேட்பாள். வெறும் ரொட்டியைத் தின்ற நாளில் பதில் சொல்ல வெட்கமாக இருந்ததால் நானும் சமைக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டே முக்காலுக்குக் குளித்துத் தலை சீவி உட்கார்ந்துவிடுவேன். முகம் தெரியாத போனுக்கு எதற்குத் தலை சீவுகிறாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன், சீப்பைக் கீழே வைக்காமலே.

பரீட்சை ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து காகிதத்தில் படம்கூட வரைந்து வைத்திருந்தேன். அன்று அவள் பயந்து போயிருந்தாள். பேசிப் பேசி அவளைத் தேற்றியதில் நேரம் போய்விட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அவள் கூப்பிடவில்லை. லீவு போட்டுக் கோயிலுக்குப் போயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். எழுதினால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "சால்வ்ட், டேங்க்யூ." போனைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன், அனுப்பவில்லை.

பரீட்சையில் தேறவில்லை என்று ஒரு வரிச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜாவுக்கு வர முடியுமா, ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். சர்ச்சில் பூசை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று ஒரு டொடோல் மிட்டாய்ப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். இவ்வளவு நாள் நேரம் ஒதுக்கினீர்களே அக்கா, என் தலைதான் மக்கு என்றாள். எனக்கு அந்தப் பொட்டலத்தை வாங்கக் கை கூசியது.

பரீட்சையில் இரண்டு லட்சம் எடைகள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, அரை நிமிடத்துக்குள் பிரித்துக் காட்டச் சொன்னார்களாம். அவள் புரோகிராம் ஒவ்வொரு வரிக்கும் மொத்தப் பட்டியலையும் நகலெடுத்துக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை. மேற்பார்த்த மலாய்க்காரர் நல்ல மனிதர். யார் உனக்கு இப்படிக் குளோன் போடச் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாராம்.

"நானா போட்டதுன்னு சொல்லிட்டேன் அக்கா. உங்க பேர எதுக்கு இழுக்கணும்?" என்றாள்.

நான் அவளுடைய லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். ஒரு & குறியைப் போட்டு, ஒரு குளோனை எடுத்தேன். ஏன் என்று சொன்னேன். அடுத்ததை அவளையே செய்யச் சொன்னேன். மூன்றாவதிலிருந்து நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவள் விரல் தானாக ஓடியது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் ஆர்டர் செய்த தே தாரேக் டீ இன்னும் வந்திருக்கவில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா அக்கா?"

"இவ்ளோதான்."

"நான் கேட்டப்பவே இது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அந்த நம்பிக்கையைப் பார்த்தபோதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"தெரியும். சொல்லிட்டா நீ அப்புறம் கூப்பிட மாட்டேனு பயந்துட்டேன். எல்லாரும் அப்படித்தான் போயிடறாங்க. எனக்குப் பேச வேற ஆள் கிடையாது நிர்மலா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தே தாரேக் வந்தது, கடைக்காரர் வைத்துவிட்டுப் போனார். அவள் லேப்டாப்பை மூடி, சார்ஜர் வயரைச் சுற்றி, பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகுதான் பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"எனக்கு மட்டும் யாரு இருக்கா அக்கா? பாதி நாளு கேக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. உங்ககிட்ட பேசணும்னுதான் ஏதாச்சும் ஒரு எரர தேடி எடுத்துக்கிட்டு வருவேன்."

எழுந்து, மற்றவர்களிடம் சொல்வது போல மரியாதையாகப் போய் வருகிறேன் என்று சொன்னாள். நாளைக்குக் கூப்பிடு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எந்த முகத்தோடு சொல்வது? அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.