அண்ணி துப்பாக்கி துடைத்த கதை

1

இந்தக் கதை ஒரு பனியனில் தொடங்கியது. ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மத்தியானம் அண்ணி போன் செய்து, "உங்க வீட்ல பழைய பனியன் இருக்கா? வெள்ளையா, துவைச்சதா இருக்கணும்" என்று கேட்டாள். ஜன்னல் துடைக்க என்று நினைத்தேன். நாலு பனியனோடு போய் நின்றால், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் அண்ணனின் துப்பாக்கி கிடந்தது.

முதல் வரிகள் சில எழுதிப் பார்த்தேன்.

அண்ணியின் கையில் துப்பாக்கி— (சினிமா போஸ்டர்.)

ஒரு குடும்பத்தில் ஆயுதம் என்பது— (கட்டுரைப் போட்டி.)

என் அண்ணன் கோழை இல்லை— (இது எனக்கே தெரியாது. அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று விட்டும் வைத்திருக்கிறேன்.)

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் குழம்பினாலும் நீங்கள் குழம்பக் கூடாது.

அண்ணன் ஒரு வங்கி வாசலில் பதினோரு வருஷம் சொந்தத் துப்பாக்கியோடு காவல் நின்றவன். ஆடாமல் அசையாமல் நிற்பான் என்பதால் அங்கே அவனுக்குப் பேர் 'தூண்'. போன வருஷம் பட்டப்பகலில் ஒருவன் கத்தியோடு உள்ளே புகுந்தான். அண்ணன் துப்பாக்கியைத் தூக்கினான், குறி வைத்தான், வெடிக்கவில்லை. கத்தி காசாளர் அம்மாவின் கையில் இறங்கியது. அவருக்கு இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. வந்தவன் வெறுங்கையோடு ஓடிவிட்டான்.

"ட்ரிக்கர் சிக்கிக்கிச்சு" என்று அண்ணன் போலீசிடம் சொன்னான், மேலாளரிடம் சொன்னான், எங்களிடமும் சொன்னான். வேலை போயிற்று. பேர் போகவில்லை. அதே 'தூண்' என்பதைத் தெருவில் வேறு குரலில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

(குறிப்பு: துப்பாக்கியை யாரும் சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். வெடித்த துப்பாக்கியைத்தான் சோதிப்பார்கள் போலிருக்கிறது.)

அண்ணி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். கடையை மூடப்போகிறார்கள். ஒரு காவல் நிறுவனத்துக்கு எழுதிப்போட்டாள். சொந்தத் துப்பாக்கி இருந்தால் முன்னுரிமை. உரிமத்தைத் தன் பேருக்கு மாற்ற எட்டு மாதம் அலைந்தாள். மிச்சம் இருப்பது சுடும் பயிற்சி வகுப்பு. மறுநாள் காலையில்.

"வேற வேலையே இல்லையா அண்ணி?"

"இருக்கு. இதுதான் தோணுச்சு."

"ஏன் இது?"

"கதை எழுதறவ நீதானே. ஒரு காரணம் போட்டுக்கோ."

போட்டுப் பார்த்தேன். சம்பளமா? கண்ணாடிக் கடையைவிடக் குறைச்சல். புருஷன் மானமா? அப்படிப் பேசுகிற ஆளில்லை அவள். கோபமா? யார் மேல்? இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்தேன்.

3

வகுப்பிலிருந்து வந்த தாளை அண்ணி சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். துப்பாக்கி காலியாக, சுத்தமாக இருக்க வேண்டும். மூடிய செருப்பு. நகம் வெட்டியிருக்க வேண்டும். காதுக்கு அடைப்பான்.

தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் பார்த்தாள். லென்ஸில் கீறல் பார்க்கிற அதே பார்வை. பனியனைச் சின்னச் சதுரங்களாக வெட்டினேன். அவள் கம்பியில் கோத்து உள்ளே தள்ளினாள். முதல் துண்டு பழுப்பாக வந்தது. நாலாவது சாம்பல். ஒன்பதாவது போனமாதிரியே வந்தது.

பிறகு அவளைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. எந்தக் கண் குறி பார்க்கிறது என்று தெரிய, கையை நீட்டி, விரல்களுக்கு நடுவே கதவுப் பிடியைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடினாள்.

"எனக்கு இடது கண்ணுதான் ஓங்கி நிக்குது. கை வலது. இப்ப என்ன பண்றது?"

நான் என்ன கண்டேன்? அவளே தன் கண்ணாடியின் இடது லென்ஸில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிக்கொண்டாள். பாதி உலகம் மங்கிய முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

தாளில் கடைசி வரி: விசை (ட்ரிக்கர்) வேலை செய்கிறதா என்று காலித் துப்பாக்கியில் சரிபார்க்கவும்.

உள்ளறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி போல்ட்டை மாட்டினாள், காலிதான் என்று இரண்டு தடவை பார்த்தாள், சுவரை நோக்கி நீட்டி அழுத்தினாள்.

டிக்.

டிவி சத்தம் நின்றது. அண்ணி மறுபடி அழுத்தினாள். டிக். சுத்தமான, வழுக்கலான சத்தம். அண்ணன் உள்ளறை வாசலில் வந்து நின்றான்.

"அன்னிக்குச் சிக்கிச்சு" என்றான்.

"சிக்கியிருக்கும்" என்றாள் அண்ணி, திரும்பாமல்.

4

இங்கே எனக்குக் குழப்பம். 'சிக்கியிருக்கும்' என்றதை எந்தக் குரலில் எழுதுவது? அன்பாக எழுதினேன், அண்ணி தெய்வமாகிவிட்டாள். குத்தலாக எழுதினேன், வேறு யாரோ ஆகிவிட்டாள். நான் கேட்டது, பல்லுக்கிடையில் ஊசியை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். அதற்கு ஒரு சொல் கிடைக்காமல்—

5

காலையில் மூவரும் ஆட்டோவில் போனோம். பயிற்சி மைதானத்தின் வாசலில் துப்பாக்கிப் பையை அண்ணியின் தோளில் மாட்டிவிட்டபோது அண்ணன் சொன்னான்:

"சிக்கல."

"என்ன?"

"ட்ரிக்கர். அவன் என்னைப் பார்த்தான். விரல் போகல. அவ்வளவுதான்."

அழுவாள், அல்லது கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அண்ணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்:

"இதை அந்தக் காசாளர் அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லிடுங்க. எங்கிட்ட இல்ல, அவங்ககிட்ட."

உள்ளே போய்விட்டாள்.

(அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அவமானமா, நிம்மதியா? இரண்டும் ஒரே முகத்தில்தான் வருகின்றன. இதுவரை எனக்குத் தெரியாது.)

மதில் உயரம். எதுவும் தெரியவில்லை. பதினாலு பேர், ஒரு விசிலுக்கு ஆளுக்கு ஒரு குண்டு என்று வாசல் காவலாளி சொன்னார். விசில் ஊதினார்கள். படபடவென்று, இடைவெளி விட்டு, கடைசியாக ஒன்று தனியாக. பிறகு அமைதி.

"பதிமூணு" என்றான் அண்ணன்.

"ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும்ணா."

"இருக்கலாம்."

6

முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அண்ணியின் காகிதத்தில் நடுவட்டம் கிழிந்திருந்தது. இன்னொன்றில் தோட்டா அப்படியே குழலுக்குள் இருந்தது. அவள் சுட்டிருந்தால் அண்ணன் இன்னும் தனியாளாகிவிடுவான். சுடாமல் இருந்திருந்தால், நாளைக்கு ஒருவன் கத்தியோடு வந்தால்? இரண்டையும் கிழித்தேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அண்ணி வெளியே வந்தாள். கண்ணாடியில் டேப் இல்லை. கன்னத்தில் சிவப்பாக ஒரு தடம். துப்பாக்கிக் கட்டை பதிந்ததா, கையால் துடைத்ததா, தெரியவில்லை. பையை இறக்கி அண்ணனிடம் நீட்டினாள். அண்ணன் வாங்கிக்கொண்டான். கேட்பதற்காக வாயைத் திறந்தான்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவன் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். பை கனமாக இருக்கிறது, அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். கேட்பீர்களா?