ஆர்வில் தலைக்குள் ஓட்டிய வண்டி

முப்பது பேரை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்தோம். ஒரு வாரம் கழித்து அதே முப்பது பேரை மறுபடியும். "எதையும் நினைக்காம சும்மா படுத்திருங்க" என்று இரண்டு முறையும் மைக்கில் சொன்னது நான்தான். இயந்திரத்தை இயக்குவது என் வேலை.

ஒவ்வொருவரின் இரண்டு படங்களும் ஒத்துப்போனால் ஆய்வு மாணவி டாரியாவுக்கு முனைவர் பட்டம். இல்லையென்றால் கனடாவின் சாஸ்கடூனில் இன்னொரு குளிர்காலம்.

இருபத்தொன்பது பேருக்கு ஒத்துப்போகவில்லை. ஆர்வில் டிக்குக்கு மட்டும் அச்சு அசலாக இருந்தது. ஐஸ் ஹாக்கி அரங்கில் பனித்தரையைச் சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறவர்.

டாரியாவின் வழிகாட்டி, பேராசிரியர் ஹாகென் நம்பவில்லை.

"ஒரே ஃபைலை ரெண்டு தடவை காப்பி பண்ணிட்டியா?"

"பண்றதா இருந்தா முப்பது பேருக்கும் பண்ணியிருப்பேன் சார்" என்றாள் டாரியா.

"அப்ப தூங்கியிருப்பாரு."

"கண்ணு திறந்துதான் இருந்துச்சு. கேமராவுல பார்த்தேன்" என்றேன்.

ஆர்விலை மூன்றாம் முறை வரவழைத்தோம். மறுபடி அதே படம். வெளியே வந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் ஹாகென் கேட்டார்.

"உள்ளே என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல. வண்டி ஓட்டுனேன்."

"எங்கே?"

"மண்டைக்குள்ளதான். ஓரமா ஒரு சுத்து, அப்புறம் நடுவுல. பதினோரு நிமிஷம் ஆகும். உங்க மிஷினும் அவ்வளவு நேரந்தான் கத்துது."

"சும்மா இருக்கச் சொன்னோமே."

"எனக்கு அது வராது. எப்படின்னு சொல்லிக்குடுத்திருக்கலாம்ல, வாத்தியாரே."

அவர் போனதும் ஹாகென் சொன்னார்: "விதியை மீறிட்டாரு. பட்டியல்லேருந்து எடுத்துடு."

"சொன்ன பேச்சு கேட்ட இருபத்தொன்பது பேர் உருப்படல. கேக்காத ஒருத்தர்தான் உருப்பட்டாரு" என்றாள் டாரியா. பெயரை எடுக்கவில்லை.

மறுநாள் ஆர்விலின் வண்டியில் கேமராவைக் கட்டி, பதினோரு நிமிடம் படம் பிடித்தாள். எல்லோரையும் இன்னும் இரண்டு முறை வரவழைத்தோம். இப்போது சும்மா இருக்க வேண்டியதில்லை. உள்ளே படுத்தபடி அந்த வீடியோவில் ஆர்வில் ஓட்டுவதைப் பார்த்தால் போதும்.

இருபத்தாறு பேருக்கு ஒத்துப்போனது.

ஹாகென் தானும் படுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு முறை படுத்தார். ஒத்துப்போகவில்லை.

"பாத்தியா? இதையும் நம்ப முடியாது" என்றார்.

ஆர்வில் அவருடைய இரண்டு படங்களையும் வாங்கி, தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"முதல் தடவை வாத்தியார் ஐஸைப் பார்த்திருக்காரு. ரெண்டாவது தடவை என்ன குறை சொல்லலாம்னு பார்த்திருக்காரு."

நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹாகென் ஆய்வேட்டை வாங்க டாரியாவிடம் கையை நீட்டினார்.

"எங்கே கையெழுத்துப் போடணும்?"